கூப்பிடும் பெயர்

லூ சுன் 1921இல் எழுதிய 'சொந்த ஊர்' கதையில் சிறுவயதுத் தோழர்கள் இருவர் ஏறக்குறைய முப்பது வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள். கதைசொல்லி நொடித்துப்போன பெரிய வீட்டுப் பிள்ளை. வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாயை அழைத்துப்போக வந்திருக்கிறார். ருன்து அந்த வீட்டில் பண்டிகை நாட்களுக்கு மட்டும் வேலைக்கு வந்துபோன ஒருவரின் மகன். கதைசொல்லி ருன்துவைக் கண்டதும் பெயரோடு 'கெ' என்று சேர்த்து வரவேற்கிறார். 'கெ' என்றால் அண்ணன். ருன்துவின் உதடுகள் அசைகின்றன, சத்தம் வரவில்லை. பிறகு உடம்பை ஒடுக்கிக்கொண்டு 'லாவ்யே' என்கிறார். ஐயா, எசமான், துரை, உங்கள் ஊரில் எது உண்டோ அதை வைத்துக்கொள்ளலாம். கதை அந்த ஒரு சொல்லிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பின் வருவதெல்லாம் அதன் எதிரொலி.

இதை எழுதும்போதே தமிழ் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டது. ருன்துவை 'அவர்' என்பதா, 'அவன்' என்பதா? பேச்சுச் சீனத்தில் படர்க்கைக்கு 'தா' ஒன்றுதான். எசமானுக்கும் கூலிக்கும் அதுவே. தமிழில் எழுதுகிறவர் முதல் வாக்கியத்திலேயே பக்கம் எடுத்தாக வேண்டும். சிறுவன் ருன்துவை 'அவன்' என்று எழுதலாம். முப்பது வருடம் கழித்து முகம் வற்றி வந்து நிற்கிறவரையும் 'அவன்' என்றே தொடர்ந்தால், இருவருக்கும் நடுவில் இருக்கும் சுவரை மொழிபெயர்ப்பாளரே இன்னொரு முழம் உயர்த்திவிடுகிறார்.

கதையில் தாய் குறுக்கிடுகிறார். முன்பெல்லாம் அண்ணன் தம்பியாகக் கூப்பிட்டுக்கொண்டவர்கள்தானே, பழையபடியே 'சுன்-கெர்' என்று கூப்பிடு என்கிறார். லூ சுன்னின் நுட்பம் இங்கே இருக்கிறது. 'கெர்' அண்ணனைக் குறிக்கும். பழைய பெரிய வீடுகளில் வேலைக்காரர்கள் வீட்டுச் சிறுவர்களை அழைத்ததும் அதே சொல்லால்தான், நம் 'சின்னையா'வைப் போல. ஆக, கதைசொல்லி எந்தச் சமத்துவத்தை நினைத்து ஏங்குகிறாரோ அந்தப் பழைய அழைப்புக்குள்ளேயே மேலும் கீழும் ஒளிந்திருந்தது. ருன்து அதை வெளியே எடுத்து வைத்தார், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இந்த இடத்துக்குக் கிடைப்பது 'பிரதர்'. தேவாலயத்திலும் தொழிற்சங்கத்திலும் ஒலிக்கும் சொல்; அதில் மூத்தவரும் இல்லை, இளையவரும் இல்லை, சின்னையாவும் இல்லை.

நமக்குச் சீன இலக்கியம் பெரும்பாலும் ஆங்கிலம் சுற்றித்தான் வந்திருக்கிறது. சி. மோகன் மொழிபெயர்த்த 'ஓநாய் குலச்சின்னம்' அப்படி வந்தது. படித்தவர்கள் மறக்க முடியாத நூல். சீனத்திலிருந்து நேரடியாக, பயணி மொழிபெயர்த்த 'கவித்தொகை' போன்றவை அபூர்வம். புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த தலைமுறை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ வாசித்துக்கொள்கிறது. ஐரோப்பிய மொழிகளில் இல்லாத, தமிழில் இருக்கிற ஒரு வசதி இதனால் வீணாகிறது என்பது என் குறை. அண்ணன் வேறு தம்பி வேறு, அக்கா வேறு தங்கை வேறு, பெரியப்பா வேறு மாமா வேறு என்று பிரித்துப் பேசும் மொழி நம்முடையது. சீனமும் அப்படியே: 'கெகெ', 'டிடி', 'ஜியேஜியே', 'மெய்மெய்'. இரண்டுக்கும் நடுவில் ஆங்கிலம் என்ற ஒற்றையடிப் பாலத்தைப் போட்டால், சாமான்களையெல்லாம் அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு கடக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு இன்னும் வலுவான சாட்சி லூ சுன்னின் 1924ஆம் ஆண்டுக் கதையான 'புத்தாண்டுப் படையல்'. அதன் நாயகிக்குப் பெயரே இல்லை. ஊர் அவளை 'சியாங்லின் ஸாவ்' என்கிறது. சியாங்லின் அவளுடைய இறந்துபோன முதல் கணவன். அவள் பிறந்த குடும்பப் பெயரை யாரும் கேட்கவில்லை. அழைத்து வந்த தரகுக்காரி வெய் குடும்பத்து ஊர்க்காரி என்பதால் இவளும் வெய்யாக இருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். மாமியார் வீட்டார் அவளைக் கடத்திப்போய் மலையில் ஹெ என்ற குடும்பப்பெயர் கொண்டவனுக்கு விற்றுவிடுகிறார்கள். அவனும் செத்து, குழந்தையை ஓநாய் கொண்டுபோன பிறகு அவள் திரும்பி வருகிறாள். ஊர் அவளைப் பழையபடி சியாங்லின் ஸாவ் என்றே கூப்பிடுகிறது. பேசும் தொனி மட்டும் மாறியிருக்கிறது. படையல் பாத்திரங்களைத் தொட விடுவதில்லை.

ஆங்கிலத்தில் அவள் 'சியாங்லினின் மனைவி'. பொருளில் பிழையில்லை. ஆனால் 'ஸாவ்' என்றால் அண்ணன் மனைவி: அண்ணி, மதினி. அது அன்பான சொல், பக்கத்து வீட்டு மூத்த பெண்ணை மரியாதையோடு நெருக்கம் காட்டி அழைக்கும் சொல். தமிழில் 'சியாங்லின் மதினி' என்று எழுதிப் பாருங்கள். மதினி மதினி என்று அழைத்தபடியே ஒரு ஊர் அவளைத் தீட்டு என்று ஒதுக்குகிறது, அவள் கதையைக் கேட்டுச் சலித்துக் கேலி செய்கிறது, கடைசியில் தெருவில் சாக விடுகிறது. 'மனைவி' என்ற சொல்லில் இருக்கும் குளிர் வேறு. உறவுச் சொல்லின் வெதுவெதுப்போடு நடக்கும் கொடுமை வேறு. லூ சுன் எழுதியது இரண்டாவதை. சாதியும் உறவுமுறையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஊர்களிலிருந்து வந்த நமக்கு அதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

சீனப் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். குடும்பப்பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். குடும்பப்பெயர்கள் சில நூறுதான் பரவலாகப் புழங்குகின்றன; வாங், லி, ஜாங், லியு, சென் ஆகிய ஐந்தும் சேர்ந்தாலே மக்கள்தொகையில் சுமார் 30 விழுக்காடு. பொதுமக்களைக் குறிக்கும் 'லாவ் பாய்ஷிங்' என்ற சொல்லுக்கே 'பழைய நூறு குடும்பப்பெயர்' என்றுதான் நேர்ப்பொருள். சொந்தப் பெயர் இதற்கு நேர்மாறு. எந்த எழுத்தையும் வைக்கலாம், அதனால் அகராதியின் மூலையில் கிடக்கும் எழுத்தெல்லாம் பெயராகி வருகிறது. கணினியில் ஏறாத எழுத்தைப் பெயரில் வைத்திருந்ததால் அடையாள அட்டைக்கும் வங்கிக் கணக்குக்கும் அலைந்தவர்கள் அங்கே ஏராளம். என் தொழில் மென்பொருள் என்பதால் இந்த இடத்தில் ஓர் உடன்பிறப்புணர்ச்சி வந்துவிடுகிறது. 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு பெட்டி போட்ட படிவங்கள் சீனரின் பெயரைத் தலைகீழாக்குகின்றன. நம் அப்பாக்களின் பெயரைக் குடும்பப்பெயராக்கி, பெண்களைத் தந்தை பெயராலேயே ஊரறிய அழைக்க வைக்கின்றன.

பழைய காலத்துப் படித்த சீனருக்கு ஒரு பெயர் போதாது. பிறந்தபோது வைப்பது 'மிங்'. இருபது வயதில், ஆண் தலைப்பாகை சூடும் சடங்கின்போது, 'ட்சு' என்று இன்னொரு பெயர். பெரியோரும் தானும் மட்டுமே மிங்கைச் சொல்லலாம். ஒத்த வயதினர் ட்சுவைத்தான் சொல்ல வேண்டும். இதற்கு மேல் தானே சூட்டிக்கொள்ளும் 'ஹாவ்'. சு ஷி என்ற கவிஞருக்கு ட்சு ட்சுஜான். உலகம் அறிந்ததோ தோங்போ என்ற ஹாவ். இந்த மரபு 20ஆம் நூற்றாண்டில் மெல்ல மறைந்தது, ஆனால் மறைகிற நேரத்தில் ஓர் அழகான வேலை செய்தது. யாங் ஜியாங் 1981இல் வெளியிட்ட 'கேடர் பள்ளி வாழ்க்கையின் ஆறு அத்தியாயங்கள்' நூலில், பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் தம்மோடு கிராமத்துக்கு அனுப்பப்பட்ட கணவர் சியன் ஜொங்ஷுவை 'மோசுன்' என்றே குறிப்பிடுகிறார். அது அவருடைய ட்சு. மௌனமாகச் சேர்த்து வைப்பது என்று பொருள்படும். வெளியுலகம் அவரைக் குடும்பப்பெயரும் பதவிச் சொல்லும் போட்டு விசாரித்துக்கொண்டிருந்த நாட்களில், மனைவியின் எழுத்தில் அவர் அந்தப் பழைய மரியாதைப் பெயரில் வாழ்கிறார். கொஞ்சல் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த நூலில் என்னை மிகவும் தொட்ட சொல் அதுதான்.

இன்றைய வழக்கிலும் இதன் மிச்சம் இருக்கிறது. குடும்பப்பெயரை விட்டுவிட்டு வெறும் சொந்தப் பெயரைச் சொல்வது நெருங்கியவர்களின் உரிமை. மேலை நாட்டு அலுவலகங்களில் முதல் நாளிலேயே அதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த சீனர்கள் பலர் ஜேசன், விவியன் என்று ஒரு பெயரை முன்னால் நிறுத்திக்கொள்வதை, வெள்ளைக்காரருக்கு நாக்கு வளையாததால் வந்த விட்டுக்கொடுத்தல் என்று மட்டும் படிக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுப் பெயரை வீட்டுக்கே வைத்துக்கொண்டு வெளியாருக்கு ஒரு ட்சு கொடுத்தாயிற்று. பக்கத்துச் சொல் எங்கே நிற்கிறது என்பதும் அங்கே பெரிய விஷயம். 'லாவ்' என்றால் முதிய. குடும்பப்பெயருக்கு முன்னால் வந்தால் தோழமை: லாவ் வாங் என்றால் நம்ம வாங் அண்ணாச்சி. அதே சொல் பின்னால் வந்தால் பெரும் மதிப்பு: எழுத்தாளர் குவோ மோருவோவைக் 'குவோ லாவ்' என்றார்கள்.

பெயர்களின் இந்தப் பொறியமைப்பு முழுவதையும் கதையாக்கிய நூல், 18ஆம் நூற்றாண்டில் சாவ் சுவேச்சின் எழுதிய 'சிவப்பு மாளிகைக் கனவு'. ஜியா குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் எழுத்தில் ஒரு பொது உறுப்பு. தந்தை தலைமுறையின் பெயர்களில் ஒரே பக்க உறுப்பு திரும்பத் திரும்ப வரும்; பாவ்யூவின் தலைமுறைக்குப் பச்சைக்கல்; அடுத்த தலைமுறைக்குப் புல். பெயரை எழுதிக் காட்டினால் போதும், யார் யாருக்குச் சித்தப்பா என்று தெரிந்துவிடும். ஒலியாக மட்டும் எழுதும் எந்த மொழியிலும், தமிழ் உட்பட, இது அப்படியே மறைந்துபோகும்.

இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சிறு குறிப்பு வருகிறது. சிறுமி டாய்யூ பாடம் படிக்கும்போது 'மின்' என்ற எழுத்து வந்தால் 'மி' என்று வாசிக்கிறாள். எழுதும்போது ஒரு கோட்டைக் குறைத்து எழுதுகிறாள். ஆசிரியருக்குக் காரணம் புரியவில்லை. அவள் தாயின் பெயர் ஜியா மின் என்று பிறகுதான் தெரிகிறது. பெற்றோர் பெயரை வாயால் சொல்லக்கூடாது. கணவன் பெயரைச் சொல்லாத பாட்டிகளை நாம் பார்த்திருக்கிறோம். பாடப் புத்தகத்தில் அந்த எழுத்து வந்தாலும் நாக்கைத் திருப்பிக்கொள்ளும் ஆறு வயதுக் குழந்தை அதைவிட ஒரு படி மேல். தாய் இறந்த பிறகு அந்தக் குறைந்த கோடு என்னவாகிறது என்று யோசித்தால் கண் கலங்குகிறது. நாவலாசிரியர் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்.

அதே வீட்டில் பாவ்யூவின் பெயருக்கு நேரெதிர் சட்டம். 52ஆம் அத்தியாயத்தில் வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒரு சிறுமியின் தாய், பணிப்பெண்கள் சின்ன எசமானைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று குற்றம் சாட்டுகிறாள். அதற்கு வரும் பதில் நாவலின் தங்கத் துண்டுகளில் ஒன்று. குழந்தை தங்க வேண்டும் என்பதற்காகப் பாட்டியே அவன் பெயரை எழுதி ஊரெங்கும் ஒட்டச் சொன்னாளாம். தண்ணீர் சுமப்பவன், மலம் அள்ளுபவன், பிச்சைக்காரன் எல்லோர் வாயிலும் பெயர் புழங்கினால் எமனுக்கு அந்தப் பிள்ளைமேல் ஆசை போய்விடும். இதே நம்பிக்கையில்தான் கிராமங்களில் 'நாய் மிச்சம் வைத்தது' என்று பொருள்படும் கோஷெங் போன்ற பால்பெயர்கள். குப்புசாமி, பிச்சை என்று பெயர் வைத்த நம்மவர்களுக்கு இது புதிதில்லை. 42ஆம் அத்தியாயத்தில் வீட்டின் அதிகாரமெல்லாம் கையில் வைத்திருக்கும் வாங் ஷிஃபெங், நோஞ்சான் மகளுக்குப் பெயர் வைக்கும்படி ஓர் ஏழைக் கிழவியைக் கேட்கிறாள். ஏழையின் வாயால் வந்த பெயர்தான் குழந்தையைக் காக்கும் என்று. லியு கிழவி வைத்த பெயர் சியாவ். பிற்பாடு குடும்பம் சரிந்தபோது அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவதும் அந்தக் கிழவிதான்.

பெயரை வைக்கும் கை யாருடையது என்பதைத்தான் இந்த நாவல் விடாமல் கேட்கிறது. யிங்லியன் என்ற குழந்தை விளக்குத் திருவிழாவில் கடத்தப்படுகிறாள். வாங்கியவர்கள் வீட்டில் சியாங்லிங் ஆகிறாள். எசமானனுக்குக் கல்யாணமாகி வந்த மனைவி, பெயரில் இருக்கும் 'மணம்' பிடிக்காமல் சியுலிங் என்று மாற்றுகிறாள். மூன்று பெயர், ஒன்றும் அவள் கேட்டதில்லை. முதல் பெயரின் ஒலியிலேயே 'இரங்கத்தக்கவள்' என்ற சிலேடை இருக்கிறது. அவளுக்கு அந்தப் பெயரே நினைவில்லை. சீனக் கிராமங்களில் பெண் குழந்தைக்கு 'தம்பியைக் கூப்பிடு', 'தம்பியே வா' என்று பெயர் வைப்பார்கள். மோ யான் 1995இல் எழுதிய பெருநாவலில் ஒரு தாயின் மூத்த ஏழு பெண்களுக்கும் இந்தத் 'தம்பி' ஈற்றுப் பெயர்களே: வா, அழை, கூட்டிவா, நினை, எதிர்பார், ஏங்கு, கெஞ்சு. மொழிபெயர்ப்பில் வெறும் ஒலியாகக் கடந்துபோகும்போது வாசகர் ஏழு பெயரையும் குழப்பிக்கொள்கிறார். 'போதும்பொண்ணு' என்ற பெயரை ஒலியாக மட்டும் படிக்கும் அந்நியரின் நிலை அது.

'சிவப்பு மாளிகை'யின் பெயர்களுக்கு டேவிட் ஹாக்ஸ் ஒரு துணிச்சலான வழி கண்டார். 1973இல் வரத் தொடங்கிய அவருடைய மொழிபெயர்ப்பில் எசமானர்களுக்குச் சீன ஒலி, பணிப்பெண்களுக்கு ஆங்கிலப் பொருள், நாடகக்காரிகளுக்குப் பிரெஞ்சு, துறவியருக்கு லத்தீன். காலனிய வீடுகளின் வாசனை அடிக்கிறது என்று இதைக் கண்டிப்பவர்கள் உண்டு. எனக்கு இது சரியென்றே படுகிறது, ஏனென்றால் பணிப்பெண்ணின் பெயர் எசமானன் விளையாட்டாக வைத்தது என்பதை ஆங்கில வாசகர் ஒவ்வொரு வரியிலும் உணர்கிறார். ஒலியை மட்டும் தந்த யாங் தம்பதியின் மொழிபெயர்ப்பில் எசமானும் அடிமையும் பெயரளவில் சமமாகிவிடுகிறார்கள். அது சாவ் சுவேச்சின் காட்டிய வீடு கிடையாது.

உறவுச் சொல்லுக்கு வரும்போதுதான் எனக்குத் தடுமாற்றம். லூ சுன்னிடம் தமிழுக்கு இருந்த வசதி இந்த நாவலில் காலை வாருகிறது. பாவ்யூவுக்கும் டாய்யூவுக்கும் காதல். குடும்பம் சூழ்ச்சியாகப் பாவ்சாயைக் கட்டிவைக்கிறது. டாய்யூ அவனுடைய அத்தை மகள். பாவ்சாய் அவன் தாயின் சகோதரி மகள், அவனைவிட மூத்தவள். தமிழ்க் காதுக்கு இது என்ன? முதலாமவள் முறைப்பெண். இரண்டாமவள் அக்கா! அவனும் அவளை 'பாவ் ஜியேஜியே', அதாவது பாவ் அக்கா என்றே கூப்பிடுகிறான். டாய்யூவையோ 'லின் மெய்மெய்', லின் தங்கச்சி. சொல்லுக்குச் சொல் மாற்றினால் தமிழ் வாசகர் இரண்டு பக்கமும் நெளிவார். உறவுமுறைப்படி மாற்றினால், குடும்பம் முறைப்பெண்ணை ஒதுக்கி அக்காவை மணம் முடித்த விபரீதக் கதையாகிவிடும்.

சீன வழக்கில் தந்தைவழி ஆண் உறவின் பிள்ளைகள் 'தாங்', ஒரே குடும்பப்பெயர், மணம் கூடாது. அத்தை, மாமன், சித்தி பிள்ளைகள் எல்லோரும் 'பியாவ்', வெளியார். மணம் செய்யலாம், 1980ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் தடுக்கும் வரை செய்தார்கள். 20ஆம் அத்தியாயத்தில் பாவ்யூ டாய்யூவைச் சமாதானப்படுத்த இந்த இரு உறவையும் எடைபோட்டு, அத்தை வழியில் வந்த நீயே எனக்கு நெருங்கியவள் என்கிறான். அந்த ஒரு வாதம் நமக்கு உடனே பிடிபடுகிறது. மற்றதெல்லாம் பிடி நழுவுகிறது. 'கசின்' என்ற ஆங்கிலத்தின் ஏழ்மை இங்கே மட்டும் காப்பாற்றிவிடுகிறது.

அதோடு 'கெகெ', 'மெய்மெய்' இரண்டும் சீன நாட்டார் பாடல்களில் காதலர் சொற்கள். தமிழில் 'அண்ணா' என்ற அழைப்பு காதலுக்குப் போடும் பூட்டு. கல்லூரிகளில் அதை அதற்காகவே பயன்படுத்தியவர்களும் உண்டு. நம் காதல் வாழும் உறவுச் சொற்கள் மச்சான், அத்தான், மாமா. எனவே சீனக் காதலியின் 'கெகெ'யைத் தமிழில் 'மச்சான்' என்று எழுதுகிறவர் அகராதிப்படி தவறு, காதுக்குச் சரி. 'சிவப்பு மாளிகை'யில் அதுவும் உதவாது, அங்கே உறவும் நிஜம் காதலும் நிஜம். சியாங்யுன் என்ற வாய் ஓயாத பெண் பாவ்யூவை இரண்டாம் அண்ணன் என்ற பொருளில் 'அர் கெகெ' என்று கூப்பிட முயன்று, மழலையால் 'ஆய் கெகெ' என்கிறாள். 'ஆய்' என்றால் காதல். டாய்யூ கேலி செய்கிறாள், கேலிக்குள் பொறாமையும் இருக்கிறது. ஹாக்ஸ் மழலையை வேறோர் எழுத்துக்கு மாற்றிக்கொண்டார். மழலை பிழைத்தது, காதல் கைநழுவிற்று. இந்த நாவலைத் தமிழாக்க யாராவது துணிந்தால், உறவுச் சொற்களை மொழிபெயர்க்காமல் ஜியேஜியே, மெய்மெய் என்றே விட்டுவிடும்படி கேட்பேன். நூறு பக்கத்தில் வாசகர் பழகிவிடுவார். 'மதினி'யை வலியுறுத்திய அதே நான் இங்கே இதைச் சொல்வது முரணாகத் தெரியலாம். எந்தச் சொல் கதையைத் தாங்குகிறது என்று ஒவ்வொரு நூலிலும் புதிதாகத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

லூ சுன்னிடம் மீண்டும் வருகிறேன், இந்த முறை கதைக்கு வெளியே. 1925 மார்ச்சில் பெய்ஜிங் பெண்கள் கல்லூரி மாணவி சூ குவாங்பிங் தன் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருக்கு 27 வயது, லூ சுன்னுக்கு 43. தாய் பார்த்து முடித்த மனைவி லூ சுன்னின் வீட்டில் இருந்தார். பதில் கடிதத்தில் லூ சுன் மாணவியை 'குவாங்பிங் ஷியோங்' என்று விளித்தார். 'ஷியோங்' என்றால் மூத்த சகோதரர். மாணவி பதறிப்போய், இந்தச் சொல்லுக்கு நான் எப்படித் தகும் என்று கேட்கிறார். ஆசிரியர் பொறுமையாக விளக்குகிறார்: இது தானே வகுத்துக்கொண்ட வழக்கம், நண்பருக்கும் மாணவருக்கும் எழுதும்போது வெறும் பெயரைச் சொல்வதைவிட ஒரு இழை கூடுதல், நிஜமாக அண்ணன் என்று அர்த்தமில்லை. படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் ஓர் இளம்பெண்ணைக் குழந்தையாகவோ தங்கையாகவோ விளிக்க ஆயிரம் வசதி இருந்த மொழியில், சக அறிவாளியாக விளிக்க அவர் தேடி எடுத்த சொல் அது.

பிறகு வந்த நான்கு வருடத்தில் விளிப்புகள் மாறிக்கொண்டே போகின்றன. கல்லூரி முதல்வர் ஆறு மாணவியரை மந்தையைக் கெடுப்பவர்கள் என்று சொல்லி வெளியேற்றினார்; அவர்களில் சூ ஒருவர். அன்று முதல் லூ சுன்னுக்கு அவர் 'ஹாய்மா', மந்தையைக் கெடுக்கும் குதிரை. வசைச் சொல் செல்லப் பெயராயிற்று. லின் யூதாங் ஆங்கிலத்தில் எழுதியபோது லூ சுன்னை வெள்ளை யானை என்றார். வீட்டுக்குள் அவர் 'குட்டி வெள்ளை யானை' ஆனார். 1929 மே மாதம் தாயைப் பார்க்கப் பெய்ஜிங் போனவர், ஷாங்காயில் கர்ப்பிணியாக இருந்த சூவுக்கு எழுதிய கடிதங்களில் அவரைக் 'குட்டி முள்ளெலி' என்கிறார். கையெழுத்துக்குப் பதில் சின்ன யானைப் படம் போடுகிறார். பேனாவைக் கத்தியாகப் பிடித்தவர் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும் அதே மனிதர்.

1933இல் இக்கடிதங்களை அவர்களே நூலாக வெளியிட்டபோது முள்ளெலியும் யானையும் காணாமல் போயின. ஹாய்மாவின் இரண்டு ஆங்கில முதலெழுத்துகள் மட்டும் நின்றன. மூலக் கடிதங்கள் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிச்சத்துக்கு வந்தன. தணிக்கைக்குப் பயந்து அரசியலை வெட்டியவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்த இருவர் வெட்டியது கொஞ்சலை. காதலித்தோம், சேர்ந்து வாழ்கிறோம் என்று ஊருக்கு அறிவிக்க அவர்கள் தயங்கவில்லை. கூப்பிடும் பெயரை மட்டும் தரமாட்டோம் என்றார்கள். மிங், ட்சு என்று ஒளித்துவைத்த மரபின் கடைசிக் கண்ணி என்று இதைப் படிக்கிறேன். அழைக்கும் உரிமை இல்லாதவர் கையில் கிடைத்தால் பெயர் அழுக்காகும் என்ற பழைய அச்சம், மரபை உடைக்க வந்தவரிடமும் தங்கியிருந்தது.

யூ ஹுவாவின் 'உயிரோடிருத்தல்' 1993இல் நூலாக வந்தது. தொடக்கத்தில் நாட்டுப்பாடல் சேகரிக்க வந்த ஒருவன், வயலில் ஒரு கிழவர் தன் மாட்டோடு பேசுவதைக் கேட்கிறான். அர்ஷி, யோச்சிங், சோம்பல் கூடாது. ஜியாஜென், ஃபெங்சியா நன்றாக உழுகிறார்கள். குகென்கூடப் பரவாயில்லை என்ற ரீதியில் போகிறது பேச்சு. உழுவதோ ஒரே மாடு. இதற்கு எத்தனை பெயர் என்று கேட்கிறான். ஒன்றுதான், ஃபுகுய் என்கிறார் கிழவர். செல்வமும் பதவியும் என்று பொருள். கிழவரின் பெயரும் அதுவே. தான் மட்டும் உழுகிறோம் என்று மாடு தெரிந்துகொண்டால் மனசு விட்டுவிடும், அதனால் மற்ற பெயர்களையும் சொல்லிக் கூப்பிடுகிறாராம். முதல் வாசிப்பில் அது ஒரு நாட்டுப்புறத் தந்திரம். பிறகு நாவல் ஒவ்வொரு பெயராக நமக்கு அறிமுகம் செய்துவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது: இரத்தம் எடுக்கப்பட்டுச் செத்த மகன் யோச்சிங், பிரசவத்தில் போன மகள் ஃபெங்சியா, நோயில் மனைவி ஜியாஜென், சிமென்ட் பலகைகளுக்கு நடுவே மருமகன் அர்ஷி, பசியில் அளவுக்கு மீறி அவரை தின்று செத்த பேரன் குகென். குகென் என்றால் கசப்பின் வேர்.

கடைசிப் பக்கத்தில் பொழுது சாய்ந்து கிழவர் கிளம்பும்போது, அன்று யார் யார் எவ்வளவு நிலம் உழுதார்கள் என்று மாட்டிடம் கணக்குச் சொல்லிக்கொண்டு போகிறார். எல்லாப் பெயரும் அதில் இருக்கிறது. குகென் சின்னப் பிள்ளை, அவனும் அரைப் பங்கு உழுதுவிட்டான்.